தாருக்கும் சேற்றுக்கும் ஒரே டயரா?

வாரத்தில் ஐந்து நாள் ஒரகடத்துக்கோ சிறுசேரிக்கோ வேலைக்குப் போய்வரும் வண்டி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வண்டி ஜவ்வாது மலைப் பக்கம் ஏதோ ஒரு மண்பாதையில் இறங்குகிறது. அதற்கு என்ன டயர் போடுவது? கடைக்காரர் ஒன்று சொல்வார், ஆஃப்ரோடு போகும் நண்பர் வேறொன்று சொல்வார், வண்டியோடு வந்த கையேடு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். மூவருமே தவறாகச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பதிலும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு வேகத்தில் ஓடிய வண்டிகளுக்காகப் பிறந்தது. பிறந்த இடத்தை மறந்துவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்ததால், இன்று அவை ஒன்றோடொன்று மோதுகின்றன.

அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இங்கு நோக்கம். பேச்சு பெரும்பாலும் டிரெட்டைப் பற்றியே, அதாவது தரையைத் தொடும் மேற்பரப்பின் வடிவத்தைப் பற்றியே நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு அத்தனை முக்கியத்துவம் தகுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஜீப்பின் ஆறு அங்குலம்

இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16. ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். அதன் மேற்பரப்பில் இருந்த தடித்த கட்டைகள் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அமைந்தவை. அதனால் அதைத் 'திசையற்ற டிரெட்' என்றார்கள். தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. முன்னால் போனாலும் ரிவர்ஸில் வந்தாலும் ஒரே இழுவை கிடைக்கும் என்பது அதைவிட நம்பத்தக்க காரணம். நம் மலைக்கிராமங்களில் 'பட்டன் டயர்' என்று சொல்லப்படும் வகைக்கு இது கிட்டத்தட்ட மூதாதை.

அந்த டயர் தார்ச்சாலையில் இரையும், மழையில் வழுக்கும். ஆனால் ஜீப் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகவில்லை. எனவே அன்றாட ஓட்டத்துக்கும் காட்டுக்கும் ஒரே டயர் போதுமா என்ற கேள்வி அன்றைக்குப் பெரிதாக எழவில்லை.

அதை எழுப்பியது ரேடியல். பழைய டயரில் நைலான் அல்லது பருத்தி நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பின்னப்பட்டிருக்கும். தரையைத் தொடும் பகுதிக்கு எத்தனை அடுக்கோ, பக்கச்சுவருக்கும் அத்தனை அடுக்கு. மிஷ்லின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும்; டிரெட்டுக்கு அடியில் மட்டும் எஃகு வார் சுற்றியிருக்கும். சாலையில் இதன் ஆதாயம் பெரிது. சூடு குறைவு, தேய்மானம் குறைவு, பிடிப்பு அதிகம். அதற்குக் கொடுத்த விலை பக்கச்சுவர்: மெலிந்தது, எளிதாக நெளிவது. கூரான கல் கிழிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

1976-இல் பிஎஃப்குட்ரிச் ரேடியல் அமைப்பிலேயே ஆல்-டெரெயின் டயர் ஒன்றைக் கொண்டுவந்தது. மெக்ஸிகோவின் பாஹா பாலைவனப் பந்தயங்களில் ஓடிப் பேர் வாங்கிய டயர் அது. 'இரண்டுக்கும் ஒன்று' என்ற எண்ணம் வணிகரீதியாக வேரூன்றியது அங்கிருந்துதான் எனலாம். அந்த எண்ணத்துக்குப் பேர் வாங்கித் தந்தது காய்ந்த நிலம்: சரளை, கல், கெட்டிமண், மணல். நனைந்த தார்ச்சாலையும் ஒட்டிக்கொள்ளும் களிமண்ணும் அந்தச் சோதனையில் முன்வரிசையில் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அவை இரண்டும்தான் முன்வரிசை.

எழுத்துகள் சொல்வதும் சொல்லாததும்

இன்று சந்தையில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. சாலைக்கு முதலிடம் தரும் எச்.டி., இரண்டுக்கும் பொதுவென்று சொல்லும் ஏ.டி., சேற்றுக்கும் பாறைக்குமான எம்.டி., அதாவது மட் டயர். வாங்குபவர்களின் விவாதம் இந்த மூன்று எழுத்துகளுக்குள் சுற்றுகிறது.

இவை தர நிர்ணய அமைப்புகள் அளந்து கொடுத்த பட்டங்கள் அல்ல. தயாரிப்பாளர் தானே சூட்டிக்கொள்ளும் பெயர்கள். ஒருவருடைய ஏ.டி., தோள்பட்டையில் மட்டும் நாலு கட்டை ஒட்டிய சாலை டயராக இருக்கலாம். இன்னொருவருடையது முக்கால்வாசி மட் டயராக இருக்கலாம். 'ஏ.டி. போடு' என்ற அறிவுரை அந்த அளவில் அரைகுறையானது.

வண்டி தயாரிப்பாளர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் உயர்வகை 255/65 ஆர் 18 அளவில் ஏ.டி. டயரோடு வந்தது. (பாலைவனத்தின் பெயரைச் சூட்டிய வண்டி, தமிழில் எழுதினால் சாலையில் ஊற்றும் தாராகிவிடுகிறது, இந்தக் கட்டுரைக்கு அது பொருத்தமான குழப்பம்தான்.) மாருதி ஜிம்னி 195/80 ஆர் 15 அளவில், சாலை டயரோடு வந்தது. ஏறக்குறைய ஒரே வகை வாடிக்கையாளரை நோக்கிய இரண்டு வண்டிகள், இரண்டு எதிரெதிர் ஊகங்கள். சாலை டயரோடு வந்த ஜிம்னி மண்பாதையில் உடனே சிக்கிக்கொண்டதாகவும் இல்லை, ஏ.டி.யோடு வந்த தார் நகரத்தில் ஓட்டவே முடியாததாகவும் இல்லை.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கோடு ஒன்று மட்டும் உண்டு. ஐ.நா.வின் 117-ஆம் எண் டயர் ஒழுங்குமுறையில் 'தொழில்முறை ஆஃப்ரோடு' என்றொரு வகை இருக்கிறது. கார், இலகு வாகன டயர்களைப் பொறுத்தவரை டிரெட் ஆழம் 11 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேற்பரப்பில் குறைந்தது 35 சதவீதம் பள்ளமாக இருக்க வேண்டும். வேகக்குறி 'க்யூ', அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மட் டயர்கள் பலவும் இந்த வகைக்குள் வருகின்றன. இதற்குள் வந்துவிட்ட டயர் ஈரப்பிடிப்புச் சோதனையிலும் உருளல் தடைச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை. ஐரோப்பிய டயர் லேபிளும் இந்த வகையை விட்டுவிடுகிறது. எனவே ஒரு மட் டயர் மழையில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்டால், பல சமயம் அதிகாரபூர்வமாகச் சொல்ல எண்ணே இருக்காது. சோதனையில் தோற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். அன்றாடம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது சின்ன வேறுபாடாகத் தோன்றாது.

தொண்ணூறு சதவீத வாதம்

'தொண்ணூறு சதவீதம் எங்கே ஓடுகிறதோ அதற்கேற்ற டயரைப் போடு' என்பது மிகப் பரவலான பதில். டயர்ப் பொறியாளர்களும் காப்பீட்டுக் கணக்கு போடுபவர்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம்.

இதன் வலுவான தூண் ஈரச்சாலை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அலுவலகம் போகிறவர் அந்த மூன்று மாதமும் நனைந்த தாரில்தான் பிரேக் போடுகிறார். மட் டயரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. கட்டைகள் உயரமாகவும் தனித்தனியாகவும் நிற்பதால் பிரேக் போடும்போது வளைகின்றன. கல்லைத் தாங்கக் கடினப்படுத்திய ரப்பர் ஈரத்தில் ஒட்டுவதில் பின்தங்கக்கூடும். 'இத்தனை பெரிய பள்ளம் இருக்கிறதே, தண்ணீரை நன்றாகத்தானே வெளியேற்றும்?' என்று கேட்பவர்கள் உண்டு. தேங்கிய ஆழமான தண்ணீரில் அது ஓரளவு உண்மை. ஆனால் மழைநாள் பிரேக்கிங்கில் பெரும்பகுதி மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் நடக்கிறது. அங்கே படலத்தை அறுத்துக்கொண்டு தாரைத் தொடும் ரப்பரின் அளவும், கட்டைகளின் மேல் உள்ள மெல்லிய கீறல்களும்தான் வேலை செய்கின்றன. 1920களில் ஜான் சைப் என்பவர் காப்புரிமை பெற்றதால் ஆங்கிலத்தில் அந்தக் கீறல்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வழுக்கும் ஈரத்தரையில் நிற்பதற்காகத் தன் செருப்பின் அடியைக் கீறிப் பார்த்ததில் தோன்றிய யோசனை என்பார்கள். நல்ல ஏ.டி. டயரில் இந்தக் கீறல்கள் நெருக்கமாக இருக்கும், மட் டயரில் அரிது. கடையில் நின்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய வேறுபாடு இது. ஏ.டி. என்ற எழுத்தைவிட இந்தக் கீறல்கள் அதிகம் சொல்லும்.

இரண்டாவது தூண் எரிபொருள். இது சற்று ஊதப்பட்டது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. மீளும்போது வாங்கிய ஆற்றலை முழுவதும் திருப்பித் தராமல் சூடாக்கி வீணடிக்கிறது. உயரமான கட்டைகள் இந்த இழப்பைக் கூட்டும். அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில், உருளல் தடையில் 10 சதவீத மாற்றம் எரிபொருளில் 1 முதல் 2 சதவீத மாற்றத்தைத் தரும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் செலவு 1,000 லிட்டர். உருளல் தடை 30 சதவீதம் கூடியதாகவே கொண்டாலும் கூடுதல் செலவு 30 முதல் 60 லிட்டர். கவனிக்க வேண்டிய தொகைதான், முடிவைப் புரட்டிப்போடும் தொகை இல்லை. இரைச்சலைப் பற்றியும் இதைத்தான் சொல்ல முடியும். அது எரிச்சல், ஆபத்து அல்ல. தேயத் தேய அது கூடும் என்பதை மட்டும் புதிய டயரைக் கடையில் தட்டிப் பார்ப்பவர் நினைவில் வைக்கலாம்.

இந்த வாதத்தின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாக் கிலோமீட்டரும் சமம் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டரில் 200 கிலோமீட்டர் மட்டுமே மண்பாதை என்றால் அது இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் பக்கச்சுவர் கிழிவது அந்த 200-க்குள் ஏதோ ஒரு பத்து மீட்டரில், கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில். டிரெட்டில் ஆணி ஏறினால் பஞ்சர் போடலாம். பக்கச்சுவர் வெட்டுக்குப் பஞ்சர் கிட்டும் உதவாது, பசையும் உதவாது. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், டயர் அழுத்தக் கண்காணிப்பும் பழுதுக் கிட்டும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்கிறது. நகரத்து மின்சாரக் காருக்கு அது நியாயம். கல்பாதையில் இறங்கும் வண்டிக்கு முழு அளவு ஸ்டெப்னி இல்லாவிட்டால், எந்த எழுத்து டயர் என்ற விவாதமே பின்னுக்குப் போய்விடும்.

மோசமான ஒரு நாளுக்காக

எதிர்ப்பக்கத்தார் சொல்வது: 'சராசரி நாளுக்கு எந்த டயரும் ஓடும், மோசமான நாளுக்கு ஓடுவதை வாங்கு.' எஸ்டேட் மேலாளர்கள், சுரங்கப் பணியாளர்கள், பந்தயக்காரர்கள் ஆகியோரின் அனுபவத்திலிருந்து வந்த பதில் இது. அவர்கள் தொழிலுக்கு அது சரியும்கூட.

இதற்கு நம் ஊரில் மிகச் சிறந்த சாட்சி கரிசல். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடித்துக் கிடக்கும். அப்போது சைக்கிள் டயரும் ஓடும். ஒரு மழை பெய்துவிட்டால் அந்த மண்ணில் உள்ள ஊறும் தன்மையுள்ள களி, தொட்டதை எல்லாம் பிடித்துக்கொள்ளும். செருப்பை இழுத்துக்கொள்ளும் மண் டயரை விடுமா? சாலை டயரின் சிறு பள்ளங்கள் சில சுற்றிலேயே நிரம்பி, டயர் மொட்டையாகிவிடும். ஏ.டி. அதைவிடச் சற்றுத் தாங்கும், பிறகு அதுவும் நிரம்பும். அகன்ற பள்ளங்களும் விலகி நிற்கும் கட்டைகளும் கொண்ட மட் டயர்தான், சுழலும் வேகத்தில் அப்பிய மண்ணை வீசி எறிந்துவிட்டு மறுபடி பிடிக்கிறது. இந்த ஒரு மண்ணில் டிரெட்டின் வடிவமே முடிவைத் தீர்மானிக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

கரிசலில் வென்றது தேரியில் தோற்கக்கூடும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளிலோ, வறண்ட ஆற்றுப்படுகையிலோ அதே முரட்டுக் கட்டைகள் மணலைத் தோண்டிக் குழி பறிக்கின்றன. கால் அழுத்த அழுத்த வண்டி அச்சு வரை புதைகிறது. மணலுக்கு வேண்டியது தோண்டாத, பரந்த, மென்மையான தொடுபரப்பு. பாறைக்கு வேண்டியது கல்லின் மேல் வளைந்து படியும் தன்மையும் தடித்த பக்கச்சுவரும். ஆக 'ஆஃப்ரோடு' என்பது ஒரு தரை அல்ல. ஒன்றுக்கொன்று முரண்பட்ட மூன்று நான்கு தரைகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். மட் டயர்க் கட்சி அதில் ஒன்றுக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கும் அதையே நீட்டுகிறது.

மோசமான நாள் எத்தனை முறை வரும் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி வண்டியை இறக்குவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். விளம்பரப் படங்களில் காடு புகும் வண்டிக்கு நிஜத்தில் எஞ்சுவது ஊராட்சி மண்சாலை, எஸ்டேட் பாதை, தனியார் நிலத்து ஆஃப்ரோடு தடம் ஆகியவைதான். இவற்றில் பெரும்பாலானவை மட் டயரைக் கேட்பவை அல்ல.

கொழுக்குமலை இங்கே ஒரு நல்ல பாடம். தேனி மாவட்டத்து மலைதான் என்றாலும் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. உருண்டைக் கற்களும் படிக்கட்டு போன்ற பாறைகளும் நிறைந்த அந்தத் தடத்தில் பயணிகளை ஏற்றிச் செல்பவை பழைய ஜீப்புகள். நான்கு சக்கர இழுவை, லோ கியர், நடைவேகம், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்ற பழக்கம், இவைதான் அங்கே வண்டியை மேலேற்றுகின்றன. டயர் அந்தப் பட்டியலில் கடைசியில் வருகிறது.

அகலமா, ஒல்லியா?

டிரெட்டுக்கு அடுத்தபடி சூடான விவாதம் அளவைப் பற்றியது. அகன்ற டயர் மேலே மிதக்கும் என்கிறது ஒரு கட்சி. ஒல்லி டயர் சேற்றை வெட்டி அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும் என்கிறது மறு கட்சி. அடியில் கெட்டித் தரை இருந்தால் இரண்டாமவர் சொல்வது சரி, இல்லாவிட்டால் முதலாமவர். அது இறங்கிய பிறகுதான் தெரியும்.

அகலம் கூடினால் தொடுபரப்பு கூடும் என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. தொடுபரப்பின் அளவைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை சுமையும் காற்றழுத்தமும். அதே அழுத்தத்தில் அகன்ற டயர் குறைந்த நீளமும் கூடுதல் அகலமும் கொண்ட தடத்தையும், ஒல்லி டயர் நீண்டு ஒடுங்கிய தடத்தையும் பதிக்கும். பரப்பளவில் பெரிய வேறுபாடு இராது. அகன்ற டயரின் உண்மையான ஆதாயம், அதில் அடங்கும் காற்று அதிகம் என்பதால் அழுத்தத்தை மேலும் இறக்க முடிவதில் இருக்கிறது.

உயரத்தின் கணக்கு தெளிவானது. ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். பலர் மாற்றிப்போட ஆசைப்படும் 235/75 ஆர் 15-இன் விட்டம் 733.5. வித்தியாசம் 5.8 சதவீதம். வண்டியின் அடிப்பாகம் 20 மில்லிமீட்டர் உயரும். அச்சுக்கூட்டுக்கும் அதே உயரம் கிடைக்கிறது, ஸ்பிரிங்கை உயர்த்துவதால் அது கிடைக்காது. ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 5.8 சதவீதம் வேகமாக வண்டி ஓடும். சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். எடை கூடிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்குக் கூடுதல் வேலை. ஒன்றரைச் சதவீதம் மட்டுமே உயரும் 215/75 ஆர் 15 இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கிறது, கிடைக்கும் ஆதாயமும் அதற்கேற்பச் சிறிதுதான். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இறுக்கமாகவே வாசித்தது. டயர் அளவு அதில் எந்த அளவுக்குச் சிக்கும் என்பது வாதத்துக்குரியது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு அந்த வாதத்தைத் தொடங்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

காற்று

எல்லாக் கட்சிகளும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடக்கும் விஷயம் காற்றழுத்தம். நெடுங்கால ஆதாரம் அதிகம் உள்ளதும் இதற்குத்தான்.

பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு 1920களின் இறுதியிலும் 30களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்தார். நான்கு சக்கர இழுவையோ மணல் டயரோ கிடையாது. டயரில் காற்றை இறக்கிவிடுவது அவர் கையாண்ட உத்திகளில் முக்கியமானது. 1940-இல் அவர் அமைத்த பாலைவனப் படைப்பிரிவும் அதையே பின்பற்றியது. 1942-இல் அமெரிக்கர்கள் உருவாக்கிய 'டக்' என்ற நீர்நில வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தது. கடற்கரை மணலில் ஏறும்போது இறக்கு, சாலைக்கு வந்ததும் ஏற்று. தாருக்கும் மணலுக்கும் ஒரே டயர் போதுமா என்ற கேள்விக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பொறியியல் கொடுத்த பதில் இது: டயரை மாற்றாதே, அழுத்தத்தை மாற்று.

இதன் கோட்பாட்டை வகுத்தவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த எம்.ஜி. பெக்கர். 1956-இல் வந்த அவருடைய நூல், மண்ணின் தாங்குதிறனையும் சக்கரம் எவ்வளவு புதையும் என்பதையும் சமன்பாடுகளாக எழுதியது. நிலாவில் 1971-இல் ஓடிய ஊர்தியின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. அதன் சக்கரத்தில் காற்று கிடையாது, எஃகுக் கம்பிவலை. ஆனால் அதுவும் நசுங்கிப் பரவும்படியே செய்யப்பட்டது.

கணக்கு எளிது. 1,800 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ. 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அதைத் தாங்கச் சுமார் 213 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பு வேண்டும். 15-க்கு இறக்கினால் 427. பக்கச்சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் நிஜத்தில் முழுதாக இரட்டிப்பாகாது. ஆனால் எச்.டி.யிலிருந்து ஏ.டி.க்கு மாறுவதால் மணலில் கிடைக்கும் ஆதாயத்தைவிட இது பெரியதாகவே இருக்கும் என்று கருத இடமுண்டு. செலவு ஒரு சிறு கம்ப்ரஸர், ஒரு கேஜ்.

இதற்கும் எல்லைகள் உண்டு. அதிகமாக இறக்கினால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். கூர்மையான கல்லில் பக்கச்சுவர் பிதுங்கி வெளியே நீட்டிக்கொண்டு வெட்டு வாங்கலாம். எனவே மணலுக்குச் சொல்லும் அழுத்தத்தைப் பாறைக்கும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, காற்றை மறுபடி ஏற்றாமலே நெடுஞ்சாலைக்கு வந்துவிடுவது. டயர் சூடேறி வெடிப்பது ஒன்று. மழைநாளில் இன்னொன்று: நாசாவின் வால்டர் ஹோர்ன் 1960களில் விமான டயர்களை வைத்துத் தந்த சூத்திரத்தின்படி, தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ.யில் அது ஏறக்குறைய மணிக்கு 91 கிலோமீட்டர், 18-இல் 71. கார் டயருக்கு, அதுவும் பள்ளம் மிச்சமுள்ள டயருக்கு, இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. போக்கு மட்டும் இதுதான். ஆற்றுமணலில் காப்பாற்றிய அதே 18 பி.எஸ்.ஐ., அன்று மாலை மழையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஆளைக் கவிழ்க்கக்கூடும்.

இரண்டு செட்டும் சந்தையும்

ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் கோடைக்கும் பனிக்கும் டயர் மாற்றுவது வழக்கம். அதைப் பார்த்து, சாலைக்கு ஒன்று காட்டுக்கு ஒன்று என இரண்டு செட் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. தர்க்கத்தில் குறை சொல்ல முடியாத பதில். அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு சக்கரங்களை எங்கே வைப்பது என்பது ஒருபுறம் இருக்க, ஆண்டுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் இரண்டாவது செட் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். பத்தாண்டுக்கு மேல் எந்த டயரும் வேண்டாம் என்பது பல தயாரிப்பாளர்களின் பரிந்துரை. வெயில் நாட்டில் அதையும் தாராளமான கெடு என்றே கொள்ள வேண்டும்.

தேர்வைச் சுருக்கும் மற்றொன்று சந்தை. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டு விமர்சனங்கள் புகழும் டயர் பலவும் நம் அளவில் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கடுமை. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல் தேர்வாய்க் கண்டிகையில் ஆலை வைத்திருக்கும் மிஷ்லின் வரை டயர்த் தொழில் செழித்த மாநிலம் இது. இருந்தும் 15, 16 அங்குல ரிம்முக்கு நல்ல ஏ.டி. தேடுபவருக்குக் கடையில் இரண்டு மூன்று பெயர்களுக்கு மேல் காட்டப்படுவதில்லை. அரிதாக வரும் வெளிநாட்டு ஏ.டி. டயர்கள் சிலவற்றில் பதித்திருக்கும் மலையும் பனித்துகளும் கொண்ட சின்னம் பனிச்சாலை இழுவைக்கானது. திருச்சி வெயிலில் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை.

தீராதவை

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, டிரெட்டின் எழுத்து இந்தத் தேர்வில் வாங்கிக்கொண்டிருக்கும் இடம் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே படுகிறது. ஊறிய கரிசலில் அன்றாடம் இறங்குபவருக்கு மட் டயர் தேவை. அவர் ஈரச்சாலையில் வேகத்தைக் குறைத்து அதற்கு ஈடுகட்ட வேண்டும். மற்ற பெரும்பாலானவர்களுக்கு, வண்டிக்குக் குறித்த அளவிலோ அதற்கு ஓரிரு சதவீதத்துக்குள்ளோ, கீறல்கள் நெருக்கமான, பக்கச்சுவர் தடித்த, மிதமான ஏ.டி. போதும். கல்பாதையே போகாதவருக்கு நல்ல எச்.டி.யும் கம்ப்ரஸரும் முழு ஸ்டெப்னியும் அதே வேலையைச் செய்துவிடக்கூடும். சுமைக்குறியும் வேகக்குறியும் கையேட்டில் உள்ளதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதில் மட்டும் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த முடிவுகளில் பலவற்றை எண்களால் நிறுவப் பொதுவெளியில் தரவு போதாது. இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலை டயர்களின் உருளல் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றுக்கு வரம்பு வைக்கிறது. 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கு அது பொருந்தத் தொடங்கியது. ஆனால் வரம்பைத் தாண்டிவிட்டது என்று தெரிவது ஒன்று, இரண்டு ஏ.டி. டயர்களில் எது 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து மீட்டர் முன்னதாக நிற்கும் என்று தெரிவது வேறு. கரிசல், தேரி, செம்மண் என்று நம் மண்வகைகளில் ஒப்பிட்டுச் செய்த சோதனைகளுக்குப் பதிலாக, கிட்டத்தட்ட முழுமையாகத் தனிமனித அனுபவத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. சோதனைகளும் பெரும்பாலும் புது டயரில் நடப்பவை. தேய்ந்த கார் டயரின் ஈரப்பிடிப்பையும் சோதிக்கும் விதி ஐரோப்பாவில் 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஏ.டி. டயரின் கீறல்கள் பல சமயம் பள்ளத்தின் அடிவரை போவதில்லை. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். கீறல்கள் மறைந்து நான்கு மில்லிமீட்டர் பள்ளம் மட்டும் மிஞ்சிய ஏ.டி. டயர், நவம்பர் மழையில், அதே அளவு தேய்ந்த சாலை டயரோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கும் என்பதற்கு இப்போதைக்கு உறுதியான பதில் இல்லை. அலுவலகம் போய்வரும் வண்டிகளில் பலவும் ஏதோ ஒரு மழைக்காலத்தில் அந்த அளவு தேய்ந்த டயரில்தான் ஓடுகின்றன.